சுருள்வில் சுமக்கும் கதவு

காலையில் கடைத்தெரு வழியாகப் பள்ளிக்குப் போகும்போது 'கடகட' என்ற ஓசையை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். மளிகைக் கடைக்காரர் குனிந்து பூட்டைத் திறக்கிறார். கைப்பிடியைப் பற்றிச் சற்றே மேலே தூக்குகிறார். இரும்பு ஷட்டர் மளமளவென்று சுருண்டு வாசலின் உச்சிக்குப் போய்விடுகிறது. அந்த ஷட்டரின் எடை சில சமயம் கடைக்காரரின் எடையைவிடக் கூடுதலாக இருக்கும். அதைக் கழற்றித் தரையில் வைத்தால் அவரால் தனியாகத் தூக்க முடியாது. வாசலில் மாட்டியபின் மட்டும் எப்படித் தூக்குகிறார்?

இதே ஷட்டர் இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டது. கார் நிறுத்தும் ஷெட்டுக்கு இரட்டைக் கதவு போட்டால் அது திறந்து மடங்க இடம் வேண்டும். குறுகலான மனையில் அந்த இடம் கிடைப்பதில்லை. சுருண்டு மேலே போகும் ஷட்டருக்குத் தரையில் இடமே வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் நாளை ஒரு ஷட்டர் பொருத்தலாம். "எது வாங்கலாம்?" என்று பெரியவர்கள் யோசிக்கும்போது நீங்களும் நாலு கேள்வி கேட்க வேண்டாமா? பத்தாம் வகுப்பு இயற்பியலே அதற்குப் போதும். கூடவே, ஓர் ஆபத்தை முன்கூட்டியே அறிந்து விலகி நிற்கவும் அது உதவும்.

எடை எவ்வளவு?

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வாசலின் அகலம் 2.5 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், பரப்பு 6 சதுர மீட்டர். ஷட்டர் என்பது ஒரே தகடு அன்று. பட்டை பட்டையாக வெட்டி, சற்று வளைத்து, விளிம்புகளைச் சுருட்டி ஒன்றோடொன்று கோத்தது. பட்டையின் அகலம் 80 மில்லிமீட்டர் என்றால் நம் வாசலுக்கு 30 பட்டைகள் வேண்டும்.

தகட்டின் தடிமன் 1.25 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோகிராம். ஆகவே ஒரு சதுர மீட்டர் தகட்டின் நிறை 0.00125 × 7850, அதாவது ஏறத்தாழ 9.8 கிலோகிராம். 6 சதுர மீட்டருக்கு 59 கிலோகிராம் ஆகிறது. ஆனால் விளிம்புகளைச் சுருட்டவும் வளைக்கவும் கூடுதல் தகடு செலவாகும். அது மூன்றில் ஒரு பங்கு எனக் கொண்டால் நிறை 78 கிலோகிராம். கீழ்ப்பட்டையில் பூட்டுக்காகப் பொருத்தும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து, மொத்தம் 80 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இதைத் தூக்க எவ்வளவு வேலை செய்ய வேண்டும்? 80 கிலோகிராமை 2.4 மீட்டர் உயர்த்துவதாகக் கணக்கிட்டால் 80 × 9.8 × 2.4, ஏறத்தாழ 1880 ஜூல் வரும். இந்த விடை தவறு. ஏன் தெரியுமா? மேலே இருக்கும் பட்டை சிறிது தூரமே ஏறுகிறது. அடியில் இருக்கும் பட்டைதான் முழு உயரமும் ஏறுகிறது. ஆகவே ஷட்டரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயர்கிறது என்றே பார்க்க வேண்டும். மூடியிருக்கும்போது அது தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுருண்டபின் ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயர்ந்தது 1.2 மீட்டர். வேலை 80 × 9.8 × 1.2, அதாவது சுமார் 940 ஜூல். முதலில் வந்த விடையில் சரிபாதி!

இந்த 940 ஜூலைக் கொடுப்பது யார்? கடைக்காரர் அல்லர். ஷட்டருக்கு மேலே, பெட்டித் தகட்டுக்குள் மறைந்திருக்கும் சுருள்வில்தான் கொடுக்கிறது.

துலாக் கல்லும் சுருள்வில்லும்

கிணற்றில் துலா பார்த்திருக்கிறீர்களா? நீண்ட கழியின் ஒரு முனையில் வாளி. மறுமுனையில் கனமான கல். வெறும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கும்போது கல்லை உயர்த்துகிறோம். அப்போது நாம் செலவிடும் ஆற்றல் கல்லில் நிலையாற்றலாகச் சேர்கிறது. நீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போது கல் இறங்கி அந்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. ஆற்றல் இங்கே புதிதாக உண்டாகவில்லை. சேமித்து வைத்ததே செலவாகிறது.

ஷட்டரில் கல்லுக்குப் பதிலாகச் சுருள்வில் இருக்கிறது. வாசலின் மேற்புறத்தில் சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் குழாய் அசையாமல் நிற்கிறது. அதன்மேல் சுழலும் உருளைகள் இருக்கின்றன. ஷட்டரின் முதல் பட்டை இந்த உருளைகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் உருளைக்குள்ளும் குழாயைச் சுற்றி ஒரு சுருள்வில். அதன் ஒரு முனை அசையாத குழாயிலும், மறுமுனை சுழலும் உருளையிலும் மாட்டப்பட்டிருக்கும். ஷட்டரைக் கீழே இழுத்தால் உருளை சுழல்கிறது; வில் முறுக்கேறுகிறது. ஷட்டரை மேலே விட்டால் வில் முறுக்கு அவிழ்ந்து உருளையைத் திருப்புகிறது.

ஆகவே ஷட்டர் மூடியிருக்கும்போது ஆற்றல் வில்லில் இருக்கிறது. திறந்திருக்கும்போது உயர்ந்து நிற்கும் ஷட்டரில் இருக்கிறது. எந்த நேரத்திலும் சுமார் 900 ஜூல் ஏதாவது ஓர் இடத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கைகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

எடை குறையக் குறைய வில்லும் தளர்கிறது

துலாக் கல்லின் எடை எப்போதும் ஒன்றே. ஷட்டரின் எடையோ அப்படி அன்று. உருளையிலிருந்து தொங்கும் பகுதிதான் கீழே இழுக்கிறது. பாதி சுருண்டபின் 40 கிலோகிராம்தான் தொங்குகிறது. முழுவதும் சுருண்டபின் தொங்குவது மிகச் சிறிதே. ஆகவே ஈடுகட்டும் விசையும் படிப்படியாகக் குறைய வேண்டும். குறையாத விசை ஒன்று தூக்கினால் ஷட்டர் மேலே போகப் போக வேகம் பிடித்து உச்சியில் மோதும்.

இங்கேதான் சுருள்வில்லின் சிறப்பு தெரிகிறது. ஆங்கில அறிஞர் இராபர்ட் ஊக் 1678-இல் வெளியிட்ட விதியைப் படித்திருப்பீர்கள். வில்லை எவ்வளவு நீட்டுகிறோமோ அதற்கு நேர்விகிதத்தில் அதன் எதிர்ப்பு விசை இருக்கும். நீட்டுவதற்குப் பதில் முறுக்கினாலும் இதே கதைதான். ஒரு சுற்று முறுக்கினால் ஒரு பங்கு. இரண்டு சுற்று முறுக்கினால் இரு பங்கு. ஷட்டர் மேலே போகும்போது வில் அவிழ்கிறது. அதன் திருப்புத்திறனும் குறைகிறது. தொங்கும் எடை குறைவதும் வில் தளர்வதும் கைகோத்துச் செல்கின்றன.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். திருப்புத்திறன் என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கி வருவது. உருளையின் ஆரம் 12 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பட்டைகள் சுற்றச் சுற்ற அது 14, 16 சென்டிமீட்டர் என வளரும். ஷட்டர் முழுவதும் சுருள ஏறத்தாழ 2.7 சுற்றுகள் ஆகும்.

மூடிய நிலையில் எடையின் திருப்புத்திறன் 80 × 9.8 × 0.12, அதாவது 94 நியூட்டன் மீட்டர். பாதி திறந்த நிலையில் எடை பாதியாகிறது. ஆரம் சற்றே கூடுகிறது. ஆகவே 40 × 9.8 × 0.143, அதாவது 56 நியூட்டன் மீட்டர். முழுவதும் திறந்த நிலையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

இனி வில்லைப் பார்ப்போம். முழுவதும் திறந்த நிலையிலும் வில்லில் கொஞ்சம் முறுக்கு மீதம் வைப்பார்கள். அது 15 நியூட்டன் மீட்டர் என்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் 28.5 கூடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பாதி மூடிய நிலையில் வில்லின் திருப்புத்திறன் 50-ஐத் தாண்டும். முழுவதும் மூடியபோது 92 ஆகிவிடும். எடையின் கணக்கு 0, 56, 94. வில்லின் கணக்கு 15, 50, 92. மிக நெருக்கமாக வருகிறதல்லவா? இடையே உள்ள சிறு வேறுபாட்டைத்தான் நம் கையும், பட்டைகள் ஓடும் பள்ளத்தின் உராய்வும் பார்த்துக்கொள்கின்றன. பாதி உயரத்தில் நம் கை கொடுக்க வேண்டிய விசை நாலு கிலோகிராம் எடை அளவுதான். உச்சியில் வில்லுக்கு மீதமிருக்கும் 15 நியூட்டன் மீட்டர், ஷட்டரைக் கீழே நழுவாமல் பிடித்துக்கொள்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் கேள்வி தகட்டின் தடிமன். கடையில் '18 கேஜ்', '20 கேஜ்', '22 கேஜ்' என்பார்கள். எண் பெரிதாக இருந்தால் தகடு தடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நேர் எதிர்! 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் சுமார் 0.7. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் 80 மில்லிமீட்டர் பட்டைக்கு 0.90, 1.20, 1.25 மில்லிமீட்டர் என்ற தடிமன்களைக் காணலாம். கேஜ் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் எழுதித் தரும்படி கேளுங்கள். மாதிரித் துண்டு ஒன்றைப் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் திருகு அளவியால் அளந்து பாருங்கள். ஆய்வகத்தில் கம்பியின் தடிமனை அளந்து மதிப்பெண் வாங்கிய கருவி வீட்டுச் செலவிலும் உதவும்.

இரண்டாவது கேள்வி காற்று. புயல் காற்று ஷட்டர்மேல் எவ்வளவு அழுத்தம் கொடுக்கும்? காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அழுத்தம், அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. அதாவது 0.6 × வேகம் × வேகம். கட்டடங்களின் மீதான காற்றுச் சுமைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு விதிநூல் வெளியிட்டிருக்கிறது. அதில் மதுரைக்கும் கோவைக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். மதுரையில் நம் 6 சதுர மீட்டர் ஷட்டர்மேல் விழும் விசை சுமார் 5,500 நியூட்டன். சென்னையில் 9,000 நியூட்டன்; ஏறத்தாழ 900 கிலோகிராம் எடை! அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் மறைவில் இது குறையும். கடற்கரையோரத்துத் திறந்த வெளியில் அவ்வளவாகக் குறையாது. வேகம் 39-இலிருந்து 50 ஆனபோது கூடியது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விசையோ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. வர்க்கத்தின் வேலை அது.

இந்த விசையைத் தட்டைத் தகடு தாங்காது. ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்தால் தொய்ந்து விழுகிறது. அதையே விசிறிபோல் மடித்து வைத்தால் பேனாவைக்கூடத் தாங்குகிறது. பட்டைகளை வளைத்துச் செய்வதன் காரணம் இதுதான். அப்படியும் அகலம் கூடினால் வலிமை வேகமாகக் குறையும். அகலம் இரு மடங்கானால் பட்டையின் நடுவில் வளைக்கும் திருப்புத்திறன் 4 மடங்காகிறது. தொய்வு 16 மடங்காகிறது. தொய்ந்த பட்டையின் முனை, பக்கத்துப் பள்ளத்திலிருந்து நழுவி வெளியே வந்துவிடும். ஆகவே இரண்டு கார் நிறுத்தும் அகலமான வாசலுக்கு ஒரே பெரிய ஷட்டரைவிட, நடுவில் தூண் வைத்து இரண்டு ஷட்டர்கள் போடுவது நல்லது.

ஷட்டர் பிய்ந்துபோவதால் நட்டம் ஷட்டரோடு நிற்பதில்லை. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலே வீசும் காற்று கூரையை உறிஞ்சித் தூக்குகிறது. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை ஆண்ட்ரூ புயல் தாக்கியபின், கார் ஷெட்டின் கதவு உடைந்ததால் கூரை பறிபோன வீடுகள் பல என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2018-இல் கஜா என்று புயல்களைக் கண்ட நம் கடலோர மாவட்டங்களுக்கும் இது பொருந்தும். தகரக் கூரை போட்ட ஷெட்டாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

மூன்றாவது கேள்வி காற்றோட்டம். முழுத்தகட்டு ஷட்டர், கம்பிப் பின்னலாலான கிரில் ஷட்டர், இரண்டும் கலந்தது என மூன்று வகை உண்டு. திருட்டுப் பயம் அதிகமில்லாத இடத்தில் மேற்பகுதியிலாவது கிரில் வைப்பது நல்லது. மூடிய ஷெட்டுக்குள் ஸ்கூட்டரையோ காரையோ ஓடவிட்டால் புகையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. கிரில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஷட்டரைத் திறந்தபின்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

நான்காவது கேள்வி, கையால் திறப்பதா, கருவியால் திறப்பதா என்பது. ஏறத்தாழ 8 முதல் 10 சதுர மீட்டர் வரை கையால் தள்ளித் திறக்கும் ஷட்டர் போதும். அதற்கு மேல் சங்கிலியும் பற்சக்கரமும் கொண்ட கியர் ஷட்டரோ, மோட்டாரோ வேண்டும். நம் 6 சதுர மீட்டர் வாசலுக்குக் கையே போதும்.

பொருத்தும் நாள்

பொருத்துவது பழகிய ஆட்களின் வேலை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் வடிவியலும் விசையியலும் கண்முன் நடப்பதைக் காணலாம்.

முதலில் வாசலை அளப்பார்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். பிதாகரஸ் தேற்றப்படி நம் வாசலுக்கு அது 3.47 மீட்டர் வர வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, மூலைவிட்டங்கள் மட்டும் சமமாக இல்லையென்றால் வாசல் சாய்ந்திருக்கிறது என்று பொருள். வாசலுக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுருண்ட ஷட்டரின் விட்டம் 32 சென்டிமீட்டருக்கு மேல் வரும். பெட்டித் தகட்டையும் இடைவெளியையும் சேர்த்தால் 40 சென்டிமீட்டராவது வேண்டும்.

அடுத்து, குழாயைத் தாங்கும் பிராக்கெட்டுகளை இருபுறமும் சுவரில் போல்ட்டுகளால் பிணைப்பார்கள். இவை ஷட்டரின் எடையை மட்டும் தாங்குவதில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைத்துப் பாருங்கள். வில் உருளையை 92 நியூட்டன் மீட்டரால் ஒரு பக்கம் திருப்பினால், அசையாத குழாயை அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்புகிறது. அந்தத் திருகலைக் குழாய் பிராக்கெட்டுக்கும், பிராக்கெட் சுவருக்கும் கொடுக்கின்றன. ஆகவே போல்ட்டுகள் கான்கிரீட்டிலோ உறுதியான செங்கல் கட்டிலோ இறங்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவரில் அப்படியே இறக்கக் கூடாது.

பட்டைகள் ஓடும் பக்கப் பள்ளங்களைத் தூக்குக்குண்டு விட்டு நேராக நிறுத்துவார்கள். பட்டையின் முனைக்கும் பள்ளத்தின் அடிக்கும் சிறிது இடைவெளி விட வேண்டும். வெயிலில் எஃகு விரிவடையும் அல்லவா? 2.5 மீட்டர் பட்டை 40 பாகை சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் கோடையிலும் சிக்காது.

கடைசியாகத்தான் வில்லுக்கு முறுக்கேற்றுவார்கள். பெரிய பைப் ரெஞ்சால் குழாயைத் திருப்பி, வேண்டிய சுற்று வந்ததும் கிளாம்ப்பை இறுக்குவார்கள். இந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

900 ஜூல் என்றால் என்ன?

மூடிய ஷட்டரின் வில்லில் இருக்கும் ஆற்றலை நீங்களே கணக்கிடலாம். திருப்புத்திறனின் சராசரி, 15-க்கும் 92-க்கும் நடுவே 53.5. சுழன்ற கோணம் 2.7 சுற்று, அதாவது சுமார் 17 ரேடியன். பெருக்கினால் ஏறத்தாழ 900 ஜூல். 30 கிலோகிராம் எடையுள்ள கல், 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் இது. முறுக்கேறிய குழாயின் கிளாம்ப்பை விவரம் தெரியாமல் தளர்த்தினால், ரெஞ்சின் கைப்பிடி இந்த ஆற்றலோடு சுழன்று கையையும் முகத்தையும் தாக்கும். மூடிக் கிடக்கும் ஷட்டர் அமைதியாகத் தோன்றுகிறது. உண்மையில் அப்போதுதான் வில்லில் ஆற்றல் நிறைந்திருக்கிறது.

எஃகு வில்லுக்கும் களைப்பு உண்டு. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு நாள் ஒடிவதுபோல, வில்லும் முறுக்கி அவிழ்ந்து முறுக்கி அவிழ்ந்து ஒரு நாள் முறியும். அமெரிக்க வீடுகளின் கராஜ் கதவு வில்களுக்கு 10,000 முறை என்பது பொதுவான கணக்கு. ஒரு நாளைக்கு 4 முறை திறந்து மூடினால் ஏழு ஆண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

நம் ஷட்டரில் நான்கு வில்கள் இருந்து, ஒன்று முறிந்ததாகக் கொள்வோம். 92 என்ற திருப்புத்திறன் 69 ஆகிவிடும். எடையோ 94-ஐக் கேட்கிறது. குறைவு 25. அதை 0.12 ஆரத்தால் வகுத்தால் 208 நியூட்டன். ஷட்டர் திடீரென்று 20 கிலோகிராம் கூடிவிட்டதுபோல் தோன்றும். "இன்றைக்கு ஷட்டர் கனக்கிறதே, எண்ணெய் விடலாமா?" என்று பெரியவர்கள் கேட்டால், "எண்ணெய் வேண்டாம், வில்லைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று நீங்கள் சொல்லலாம். பள்ளத்தின் உராய்வு மெல்ல மெல்லக் கூடும். வில் முறிவது ஒரே நாளில் தெரியும்.

எல்லா வில்லும் போய்விட்டால் என்ன ஆகும்? மேலே சுருண்டிருக்கும்போது தொங்கும் பகுதி சிறிது. ஷட்டர் சும்மா நிற்பதுபோல் தோன்றும். சற்றே இறங்கினால் தொங்கும் எடை கூடும். எடை கூடினால் வேகமும் கூடும். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், தரையைத் தொடும்போது 80 கிலோகிராம் இரும்பு, வினாடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர், அதாவது மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்கும். உராய்வு இதைக் குறைக்கும். ஆனால் அடியில் நிற்பவரைக் காப்பாற்றும் அளவுக்குக் குறைக்காது. தம்பி தங்கைகள் இறங்கும் ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓடுவதும், கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவதும் விளையாட்டு அன்று என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். பட்டைகளின் இடுக்கில் விரல் வைப்பதும் கூடாது. வளைந்த இடுக்கு நேரானதும் விரலைக் கவ்விவிடும்.

மோட்டார் வைத்தால் பயம் இல்லையா?

940 ஜூல் வேலையை 20 வினாடியில் செய்ய 47 வாட் போதும். ஒரு மின்விசிறி அளவுதான். மோட்டாருக்கு எடை ஒரு சிரமமே அன்று. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வில் முறிந்தால் நம் கை உடனே உணரும். மோட்டார் முணுமுணுக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சில மோட்டார் ஷட்டர்களில் வில்லே இராது. முழு எடையையும் கியரும் பிரேக்கும்தான் பிடித்திருக்கும். அத்தகைய ஷட்டருக்கு, சங்கிலியோ கியரோ அறுந்தால் உடனே பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு பிரேக் தனியாக இருக்க வேண்டும்.

மோட்டாருக்குக் கண் இல்லை. அடியில் குழந்தை இருக்கிறதா, பந்து இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே வாசலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றை அனுப்புகிறார்கள். கதிர் தடைப்பட்டால் ஷட்டர் நின்று மேலே திரும்பிவிடும். அமெரிக்காவில் குழந்தைகள் பலர் தானியங்கிக் கதவுகளின் அடியில் சிக்கி உயிரிழந்தபின், 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கராஜ் கதவு மோட்டார்களில் இப்படிப்பட்ட காப்பு இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. செலவைக் குறைக்க நினைத்தால் வண்ணப்பூச்சில் குறையுங்கள். இந்தக் கருவியில் குறைக்காதீர்கள். மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் ஏற்கெனவே ஷட்டர் இருந்தால் பெரியவர் ஒருவரிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளி நில்லுங்கள். ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்தி, கைப்பிடியில் கைவைத்தபடியே பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். நின்றால் வில் சரியாக இருக்கிறது. கீழே இறங்கப் பார்த்தால் வில் தளர்ந்துவிட்டது. மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். இரண்டுக்கும் ஷட்டர் வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

நீங்கள் தனியாகச் செய்யப் பாதுகாப்பான சோதனையும் ஒன்று உண்டு. சைக்கிள் கடையில் பழைய செயின் ஒன்று வாங்கி, அதன் ஒரு முனையை ஆய்வகச் சுருள்வில் தராசில் தொங்கவிடுங்கள். தராசை மெல்ல இறக்கி, செயின் மேசைமேல் படிய விடுங்கள். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் தராசு காட்டுவதைக் குறித்து, தொங்கும் நீளத்துக்கு எதிராக வரைபடம் வரையுங்கள். ஒரு நேர்கோடு கிடைக்கும். சுருளும் ஷட்டரின் எடை குறைவதும் இப்படித்தான். கோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு எதைக் குறிக்கிறது? செயினின் மொத்த எடையை அதன் பாதி நீளத்தால் பெருக்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.